எஞ்சி நின்ற உடுப்புகள்

ஆடித் தள்ளுபடி என்ற சொல் காதில் விழுந்தால், தமிழகத்தை விட்டு வந்து எத்தனை ஆண்டுகள் ஆயினும், நம் இல்லத்தரசிகளின் முகத்தில் ஒரு மலர்ச்சி தோன்றுவதைக் கண்டிருக்கிறோம். ஆடியில் திருமணம் இல்லை. திருமணம் இல்லையேல் ஜவுளிக் கடையில் கூட்டம் இல்லை. ஆகவே முடங்கிக் கிடக்கும் சரக்கைத் தள்ளிவிட்டு, தீபாவளிக்கு வரவிருக்கும் புதுச் சரக்குக்கு இடம் செய்ய நம் வணிகர் கண்ட வழி அது. மும்பை மாநகரத்துப் பெரிய டிபார்ட்மெண்ட் ஸ்டோர்களில் ஆடி என்று பெயர் சொல்வாரில்லை. ஜனவரியை ஒட்டி ஒரு முறையும் ஜூலையை ஒட்டி ஒரு முறையும் ‘பருவ இறுதி விற்பனை’ என்று ஆங்கிலத்தில் சிவப்புப் பலகை தொங்கவிடுகிறார்கள். பெயர் வேறு, காரணம் ஒன்றே.

சென்ற ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், நம் தங்கை மகள் மாதுங்காவிலுள்ள நம் இல்லத்துக்கு வந்து, “பெரியம்மா, கடைக்குப் போகலாம் வாருங்கள், எனக்குத் துணை வேண்டும்” என்று அழைத்தாள். அலுவலகத்தில் அவளுக்குப் பதவி உயர்வு கிடைத்திருந்தது. அதன் பொருட்டு ஒரு மாலை விருந்து; அவ்விருந்துக்கு உடுத்திச் செல்லப் புதிதாக ஒன்று வேண்டும் என்பது அவள் எண்ணம். வெளியே மழை, நமக்கோ முழங்கால் வலி. ஆயினும் தள்ளுபடி என்ற சொல்லுக்கு வலி தீர்க்கும் ஆற்றல் உண்டு என்பதை நம் வாசகியரில் பலர் அனுபவத்தில் அறிவர்.

நாங்கள் சென்ற கடை லோயர் பரேலில், முன்னாளில் ஒரு பஞ்சாலை இருந்த நிலத்தில் நிற்கிறது. அப்பகுதி முழுவதற்கும் மராத்தியில் கிரண்காவ், அதாவது ஆலையூர், என்று பெயர். 1982ஆம் ஆண்டு ஜனவரி 18ஆம் நாள் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் தொழிலாளர் கலந்துகொண்டார்கள். அதன் பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. சில புகைபோக்கிகள் மட்டும் இன்னும் நிற்கின்றன. துணி நெய்த இடத்தில் இன்று எங்கோ நெய்து எங்கோ தைத்த துணிக்கு விலைச்சீட்டுக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். அந்த வாயிலைக் கடக்கும்போதெல்லாம் நமக்கு இந்த நினைவு வரும்; உள்ளே குளிர்ச்சாதனக் காற்று முகத்தில் பட்டதும் போய்விடும்.

விற்பனையின் கடைசி வாரம் அது. தொடக்கத்தில் நூற்றுக்கு முப்பது குறைத்தவர்கள் ஐம்பதுக்கு இறங்கி, அன்று எழுபதுக்கு வந்திருந்தார்கள். இத்தகைய விற்பனையில் எது முதலில் போகும், எது கடைசி வரை நிற்கும் என்பதில் ஓர் ஒழுங்கு உண்டு. கறுப்புக் காற்சட்டை, வெள்ளைச் சட்டை, நீலக் குர்த்தா ஆகியவை முதல் வாரத்திலேயே மறைந்துவிடும். நடுத்தர அளவுகளும் அவ்வாறே. எஞ்சுபவை மிக ஒல்லியானவர்க்கும் மிகப் பருத்தவர்க்கும் ஆனவை. அவற்றோடு, ‘டிசைனர்’ என்று தனியே ஒரு மூலையில் மாட்டிய விந்தையான உடுப்புகளும் எஞ்சும். இவற்றைக் கடைக்காரர் அதிக எண்ணிக்கையில் வாங்குவதில்லை. தெருவில் போகிறவரை உள்ளே இழுக்கும் பொருட்டு வாயிற் கண்ணாடிக்குள் பொம்மைக்கு உடுத்த இரண்டு மூன்று வாங்குவார். உள்ளே வந்தவர் வாங்கிப் போவது நீலக் குர்த்தாவை. கூட்டத்தை அழைத்து வந்த உடுப்பு கடைசி நாள் வரை பொம்மையோடு நிற்கும்.

அந்த மூலைக்குத்தான் நம் பெண் நம்மை அழைத்துச் சென்றாள். அங்கே கண்டவற்றை என்னென்று சொல்வது! ஒன்றுக்கு முதுகில் சிறகு போல இரு மடிப்புகள். நாற்காலியில் சாய்ந்தால் அவை என்ன ஆகும் என்று தைத்தவர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. மற்றொன்று முன்னே முழங்காலோடு நின்று பின்னே கணுக்கால் வரை இறங்கியது. பஞ்சகச்சம் கட்டி அதன்மேல் வெள்ளைக்காரர் கோட்டைத் தைத்துவிட்டாற்போல் ஒன்று. இன்னொன்று சேலையேதான், ஆனால் கொசுவமும் தலைப்பும் முன்பே தைத்து, பக்கவாட்டில் ஜிப் வைத்திருந்தார்கள்.

கடைப்பெண் ஒருத்தி ஓடி வந்து, “ஆண்டி, என்ன பார்க்கிறீர்கள்?” என்று இந்தியில் கேட்டாள். அத்தை என்ற பொருளில்தான் அழைத்தாள் பாவம். எழுபது சதவீதம் குறைத்த பிறகும் அந்தச் சீட்டுகளில் இருந்த விலையைப் பார்த்தபோது, இன்னும் சிறிது நேரம் அங்கே நின்றால் தமிழ்ப் பொருளிலேயே ஆண்டியாகிவிடுவோம் என்று நமக்குத் தோன்றியது.

வாங்கினாலும் வாங்காவிட்டாலும் எவரும் உள்ளே வந்து பார்க்கலாம், விலை பேசாமல் சீட்டில் எழுதிய விலைக்கே விற்பனை, பிடிக்காததைத் திருப்பித் தரலாம் என்னும் வழக்கங்களை 1852 முதல் பாரிஸ் நகரத்து போன் மார்ஷே கடையில் பெரிய அளவில் நிலைநாட்டியவர் அரிஸ்டிட் பூசிகோ. வியாபாரம் மந்தமான ஜனவரியில் வெள்ளைத் துணி விற்பனைக்குப் பேர்போனதும் அக்கடையே. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து எட்வர்ட் ஃபைலீன், 1909இல் திறந்த தம் கடையின் நிலவறையில், தள்ளுபடியை ஒரு வாய்பாடாகவே ஆக்கிவிட்டார். உடுப்பு 12 நாள் விற்காமல் இருந்தால் விலையில் கால் பங்கு குறையும். 18 நாளில் பாதி. 24 நாளில் முக்கால். 30 நாளும் கடந்துவிட்டால் தருமத்துக்குப் போகும். சரக்கு என்று வந்தது என்பதைச் சீட்டைப் பார்த்தே அறியலாம். காத்திருந்தால் விலை குறையும். காத்திருக்கையில் வேறொருத்தி எடுத்துப் போய்விட்டால்? அந்தப் பதைப்புத்தான் அங்கே சரக்கை விற்றது. 1947இல் தொடங்கிய மணப்பெண் கவுன் விற்பனையின்போது, கதவு திறந்த சில நிமிடங்களில் மாட்டிய தண்டுகள் வெறுமையாகிவிடுமாம்; பெண்கள் அள்ளியதை நடைவழியில் நின்றே உடுத்திப் பார்த்தார்கள். அந்த நிலவறைக் கடை 2007இல் மூடப்பட்டது.

இந்த ஃபைலீன் 1907இல் நம் நாட்டுக்கு வந்தவர். இங்குள்ள கிராமக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கண்டு வியந்து, திரும்பிச் சென்றபின் அமெரிக்காவில் அத்தகைய சங்கங்கள் தோன்ற உழைத்தார். அச்சங்கங்களுக்கு இங்கே வழி செய்த 1904ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன்னோடியாக அமைந்தவை, சென்னை அரசாங்கத்துக்காக ஃபிரெடெரிக் நிக்கல்சன் 1895இலும் 1897இலும் அளித்த அறிக்கைகள். மலிவு விற்பனையில் பெயர் பெற்ற ஒருவரை நம் உழவரின் சிக்கனம் கவர்ந்தது என்று எண்ணுவதில் நமக்கு ஒரு மகிழ்ச்சி. வழி விலகியதற்கு அதுவே காரணம்; வாசகர் பொறுப்பார்களாக.

நிற்க. “நீங்களும் ஒன்றை உடுத்திப் பாருங்கள், பெரியம்மா. பார்ப்பதற்கா பணம் கேட்கிறார்கள்?” என்றாள் நம் பெண். நாம் மறுத்தோம். அவள் விடவில்லை. சாம்பல் நிறத்தில், மேலிருந்து கீழ்வரை நுண்ணிய மடிப்பு மடிப்பாக, கோணிப்பை போன்று வடிவமே இல்லாத ஒன்றை நம் கையில் திணித்தாள். உடுத்திப் பார்க்கும் அறையின் வாயிலில் இருந்த பணிப்பெண், எத்தனை உடுப்பு என்று எண்ணி, எண் பொறித்த வில்லையைத் தந்து உள்ளே விட்டாள். மூன்றடிக்கு மூன்றடி அறை. அதற்குள் ஆறு கெஜச் சேலையை அவிழ்த்து மடித்து வைப்பது எப்படி என்று எந்த டிசைனரும் சிந்திப்பதில்லை. இரண்டே கொக்கிகள், ஒன்றில் கைப்பை, மற்றொன்றில் சேலை, ரவிக்கைக்கு இடமில்லை.

இங்கே ஒரு சொல் சொல்லியாக வேண்டும். இத்தகைய அறைக்குள் சென்றதும், கொக்கி, விளக்கு, கூரையோரம், கதவின் மேற்புறத்து இடைவெளி ஆகியவற்றை ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது. பெண்ணொருத்தி தனித்திருக்கையில் ஒளிந்து பார்ப்பதும் படம் எடுப்பதும் 2013 முதலே தனிக் குற்றம். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 77ஆம் பிரிவு அதற்கு உரியது. முதல் முறைக்கே ஓராண்டுக்குக் குறையாமல் மூன்றாண்டு வரை சிறை. ஐயம் தோன்றினால் வெட்கப்பட்டு வெளியேறி வீடு திரும்பிவிடாமல் அங்கேயே நின்று காவல்துறையை அழைக்கலாம். நம் பெண் மக்களுக்கு இதைச் சொல்லி வைப்பது தாய்மார் கடமை.

மீண்டும் கோணிப்பைக்கு வருவோம். தலை நுழையும் துளை எது, கை நுழையும் துளை எது என்று கண்டுபிடிக்கவே சில நிமிடங்கள் ஆயின. ஒரு வழியாக உள்ளே புகுந்து நிலைக்கண்ணாடியைப் பார்த்தால், பாதி விரித்த குடையொன்று கண்ணாடி அணிந்துகொண்டு நம்மை நோக்கியது. வாய்விட்டுச் சிரித்துவிட்டோம். ஆனால் ஒன்று, அசைந்தபோது அது நம்மோடு அசைந்தது. எங்கும் பிடிக்கவில்லை, எங்கும் தொங்கவில்லை. தற்செயலாகக் கையைக் கீழே விட்டோம், இருபுறமும் பை! நாற்பது ஆண்டுகளாகச் சாவிக்கொத்தை இடுப்பில் செருகியும், ரயில் சீட்டைக் கைக்குட்டையில் முடிந்தும் வாழ்ந்த நமக்கு, இரு கைகளையும் பைக்குள் விட்டுக்கொண்டு நிற்பது என்னவென்று அன்றுதான் தெரிந்தது. வெளியே நம் பெண் கதவைத் தட்டும் வரை அவ்வாறே நின்றோம்.

இவ்வகை மடிப்பு உடுப்புக்குப் புகழ் தேடித் தந்தவர் ஹிரோஷிமாவில் பிறந்த ஜப்பானியர் இஸ்ஸே மியாகே. 2022இல் காலமானார். உடுப்பைத் தேவையான அளவைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிதாக வெட்டித் தைத்து, பிறகு தாள்களுக்கிடையே வைத்துச் சூட்டில் அழுத்தி மடிப்பை நிலைக்கச் செய்வது அவர் முறை. 1993இல் அதைத் தனி வரிசையாகவே விற்பனைக்குக் கொண்டுவந்தார். உடல் பெருத்தாலும் சிறுத்தாலும் மடிப்பு விரிந்தும் சுருங்கியும் இடம் கொடுக்கும். ஒரே துணியால் உடலைப் போர்த்துவது எப்படி என்பதே தம் வாழ்நாள் கேள்வி என்று அவர் கருதினார். நம் பாட்டிமார் கேட்டிருந்தால் விடையைக் கொடியிலிருந்து எடுத்துக் காட்டியிருப்பார்கள்.

சேலைக்கு அளவில்லை, அதனால்தான் தாயின் சேலை மகளுக்கும் ஆகிறது. அளவெல்லாம் ரவிக்கையோடு நின்றது. அதற்கும் நாம் எண் சொன்னதில்லை; பொருந்திய பழைய ரவிக்கையொன்றை ‘அளவு ரவிக்கை’ என்று தையற்காரரிடம் கொடுத்துவிடுவோம். ஆயத்த உடுப்பு வந்த பிறகுதான் நாம் எல்லோரும் ஓர் எழுத்துக்கோ எண்ணுக்கோ கட்டுப்பட்டோம். அந்த எழுத்தும் நமக்கென அளந்ததன்று. வெளிநாட்டு அளவுகளையே சற்று மாற்றி இங்கு நெடுங்காலம் தைத்து வந்தார்கள். இந்தியருக்கென அளவுப் பட்டியல் வேண்டுமென்று, ஆறு நகரங்களில் 25,000 பேரை அளக்கும் திட்டத்தை 2018இல் நிஃப்ட் நிறுவனம் அறிவித்தது. ஆறும் எவை என்று பார்த்தோம்: கொல்கத்தா, மும்பை, புதுதில்லி, ஐதராபாத், பெங்களூரு, ஷில்லாங். சென்னை இல்லை. தமிழரின் தோளையும் இடுப்பையும் மும்பையில் குடியேறிய நம்மிடமிருந்தாவது எவரேனும் அளந்திருப்பார்கள் என்று நம்புவோமாக.

இனிச் சொல்லப்போவது சிரிப்புக்குரியதன்று. அவளுடைய இசைவைப் பெற்று, அவள் படித்துப் பார்த்த பிறகே அச்சுக்குத் தருகிறோம்.

நாம் சேலைக்குத் திரும்பி வெளியே வந்தபோது, நம் பெண் தண்டின் கோடியில் ஓர் உடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். கரும்பச்சை நிறம், நல்ல கனமான துணி, முழங்காலுக்குக் கீழ் வரை நேராக இறங்கும் அங்கி. ஆனால் அதற்கு ஒரே கைதான். இடப்புறம் தோளிலிருந்து விரல்முனை வரை மூடும் நீண்ட சட்டைக்கை. வலப்புறம் தோளும் இல்லை, கையும் இல்லை. நாம் நகைத்து, “பாதி தைக்கும்போதே தையற்காரருக்குத் துணி தீர்ந்துவிட்டது போலும். அதனால்தான் எழுபது சதவீதம் தள்ளுபடி!” என்றோம். பக்கத்தில் நின்ற கடைப்பெண்ணுக்குத் தமிழ் புரியாவிட்டாலும் அவளும் சிரித்தாள். நம் பெண் சிரிக்கவில்லை. அந்த உடுப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, வில்லையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். கதவு சாத்திய பிறகுதான் நமக்கு உறைத்தது.

அவளுக்கு அப்போது ஆறு வயது. தீபாவளிக்கு முந்தைய நாள், நம் வீட்டு அடுக்களையில் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தோம். தங்கை கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். குழந்தையை நம் பொறுப்பில் விட்டிருந்தாள். கூடத்தில் தொலைபேசி மணி அடித்தது. எழுந்து சென்றோம், அரை நிமிடம் இருக்கலாம். குழந்தை எக்கி வாணலியின் காதைப் பிடித்துவிட்டாள். இடத்தோளிலிருந்து மணிக்கட்டு வரை எண்ணெய் வழிந்தது. பதினேழு நாள் மருத்துவமனையில் இருந்தாள். உயிருக்கு ஆபத்தில்லாமல் மீண்டதே இறைவன் அருள் என்று எல்லோரும் கூறினார்கள். நம்மை ஒருவரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. தங்கையும் இன்றுவரை சொன்னதில்லை. வடு மட்டும் கையோடு வளர்ந்தது.

அன்றிலிருந்து அவளுக்குத் தைத்தவை எல்லாம் முழுக்கை. மாதுங்காத் தையற்காரரிடம் ஒவ்வொரு முறையும் நாம்தான் சொல்வோம்: “இரண்டு கையும் முழுக்கை.” பள்ளிச் சீருடைக்கும் தலைமையாசிரியையிடம் தனி அனுமதி பெற்றோம். மே மாதத்து வெயிலில், கூட்டம் நெரியும் புறநகர் ரயிலில், மணிக்கட்டில் பொத்தான் போட்டுக்கொண்டு அவள் போய்வருவதைப் பார்த்துப் பார்த்து, அதுவே அவளுக்குப் பிடித்த பாணி என்று நம்மை நாமே நம்பவைத்துக்கொண்டோம்.

ஜப்பானிய வடிவமைப்பாளர் ரெய் கவாகுபோ, 1997ஆம் ஆண்டின் வசந்த காலத்துக்கென, முதுகிலும் இடுப்பிலும் தோளிலும் பஞ்சுப் பொதிகளைத் தைத்த உடுப்புகளைக் காட்டினார். கூனும் கட்டியும் உடையவை போன்று தோற்றமளித்த அவற்றைப் பலர் எள்ளினார்கள். இருபது ஆண்டுகள் கழித்து 2017இல் நியூயார்க் பெருநகர அருங்காட்சியகம் அவருடைய உடுப்புகளுக்கென்றே ஒரு கண்காட்சி நடத்தியது. ஒருபுறம் உள்ளதெல்லாம் மறுபுறமும் இருக்க வேண்டும் என்று உடலுக்கு யார் விதித்தது என்பதே அவர் போன்றோர் கேட்கும் கேள்வி. பத்திரிகையில் இதைப் படித்தபோது, வேலையற்றவர்களின் வாதம் என்று பக்கத்தைத் திருப்பியவர்கள்தாம் நாம். அன்று அந்த அறையின் வாயிலில், பிறருடைய பைகளைக் காத்துக்கொண்டு அமர்ந்திருந்த கணவன்மாரின் நடுவே நின்றபோது அது நினைவுக்கு வந்தது.

கதவு திறந்தது. அவள் நேரே நம்மிடம் வரவில்லை. மூன்று பக்கமும் தெரியும் பெரிய நிலைக்கண்ணாடியின் முன் போய் நின்றாள். இடக்கை விரல் நுனி வரை பச்சைத் துணிக்குள் இருந்தது. வலக்கையை மெல்ல உயர்த்தினாள், மடக்கினாள், நீட்டினாள். இருபத்தொன்பது வயதுப் பெண், தனக்கு ஒரு கை இருப்பதை அப்போதுதான் கண்டவளைப் போல அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைப்பெண் அருகே வந்து, இவருக்கென்றே அளந்து தைத்தாற்போல் இருக்கிறது என்று இந்தியில் சொன்னாள். எல்லோரிடமும் சொல்வதுதான். கோணிப்பையில் நம்மைப் பார்த்திருந்தால் நம்மிடமும் சொல்லியிருப்பாள். அன்று அவள் சொன்னது மெய்.

உள்ளதைச் சொல்ல வேண்டுமென்றால், வலத்தோள் முழுவதும் வெளியே தெரிகிறதே, தங்கை என்ன சொல்வாள் என்ற எண்ணம் நமக்கு எழாமல் இல்லை. வாய்விட்டும் சொல்லிவிட்டோம். “மேலே ஒரு துப்பட்டா போட்டுக்கொள்ளலாமா, அம்மா?”

அவள் கண்ணாடியிலேயே நம்மைப் பார்த்தாள். “இந்தக் கை என்ன குற்றம் செய்தது, பெரியம்மா? இருபத்து மூன்று வருடமாக இதையும் சேர்த்தல்லவா மூடி வைத்திருக்கிறோம்?”

மறுமொழி சொல்ல நமக்கு நா எழவில்லை. சிறிது நேரம் கழித்து, “சற்று முன் நாம் சிரித்ததை மனத்தில் வைத்துக்கொள்ளாதே” என்றோம். “நீங்கள் சிரித்தது உடுப்பைப் பார்த்து, என்னைப் பார்த்தல்ல. எனக்குத் தெரியும்” என்றாள். பிறகு, “முதலில் எனக்கும் சிரிப்புத்தான் வந்தது” என்று சேர்த்துக்கொண்டாள்.

விலைச்சீட்டில் ரூ. 11,990 என்று இருந்தது. எழுபது சதவீதம் போக ரூ. 3,597. பொம்மைக்கு உடுத்தியிருந்த உடுப்பென்பதால் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தோம். கழுத்தோரத்தில் கறை உண்டா, ஜிப் இடையில் சிக்குகிறதா, அக்குளில் தையல் விட்டிருக்கிறதா என்று பார்த்தபின்தான் இத்தகைய சரக்கை எடுக்க வேண்டும். விற்பனையில் வாங்கியதை மாற்றித் தரமாட்டோம் என்று பெரும்பாலும் பில்லிலேயே அச்சிட்டிருப்பார்கள். பொம்மையின் இடுப்பில் இறுக்கக் குத்திய ஊசித் துளைகள் பின்புறத்தில் மூன்று இருந்தன. பக்கத் தையல் இரண்டங்குலம் பிரிந்திருந்தது. துவைத்தால் துளை மூடிக்கொள்ளும், தையலை நாம் போட்டுக்கொள்ளலாம் என்று தீர்மானித்தோம். உச்ச விலையில் தள்ளுபடி என்று அறிவித்துவிட்டு, குறைத்த விலைமேல் வரியைத் தனியே கூட்டுவது முறையன்று என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2017இல் தீர்ப்பளித்திருக்கிறது. அவ்வாறு எவரேனும் கேட்டால் 1915 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் முறையிடலாம். நமக்கு அந்தத் தொல்லை நேரவில்லை.

பணத்தை நாம் தருவதாகக் கைப்பையைத் திறந்தோம். அவள் நம் கையைப் பிடித்து, “வேண்டாம், பெரியம்மா. இது என் சம்பளத்தில் இருக்கட்டும்” என்றாள். வற்புறுத்தவில்லை. நாம் எதற்காகத் தர முற்பட்டோம் என்பது அவளுக்கும் தெரிந்திருக்கும்.

மறு ஞாயிறு தையற்பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு பிரிந்த தையலைப் போட்டோம். துவைத்ததில் மூன்று துளைகளில் இரண்டு மூடிக்கொண்டன. மூன்றாவதை உள்ளிருந்து ஓர் இழை ஓட்டிச் சேர்த்தோம். தங்கையும் வந்திருந்தாள். உடுப்பைக் கையில் எடுத்து, இல்லாத சட்டைக்கையைத் தேடுவது போல் இருமுறை திருப்பினாள். ஒன்றும் சொல்லாமல் மடியில் வைத்துத் துணியை நீவிக்கொண்டிருந்தாள். பிறகு, “இந்தப் பச்சை அவளுக்கு எடுப்பாக இருக்கும், இல்லையா அக்கா?” என்று கேட்டாள்.

நூலை அறுக்கப்போகும் சமயம் நம் பெண் உள்ளேயிருந்து வந்து, இடச் சட்டைக்கை விரலை மறைக்கிறது, தட்டச்சு செய்யவும் முள்கரண்டி பிடிக்கவும் இடைஞ்சலாக இருக்கும், சற்றுக் குறைத்துத் தர முடியுமா என்று கேட்டாள். எவ்வளவு குறைக்க வேண்டும் என்று கேட்டோம். மணிக்கட்டுக்கு மேலே, வடு தொடங்கும் இடத்தையும் தாண்டி விரலை வைத்துக் காட்டினாள். பிறகு சற்று யோசித்து விரலைக் கீழே இறக்கினாள்.

“இப்போதைக்கு இவ்வளவு போதும், பெரியம்மா. மீதியை வெட்டிவிடாமல் உள்ளே மடித்துத் தையுங்கள்.”

அவ்வாறே தைத்துக் கொடுத்தோம்.